பழைய டீசல் காருக்கு இன்ஜின் வேலையா? பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

"பேக் கம்ப்ரஷன் அடிக்குது, இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்" என்று மெக்கானிக் சொன்னபோது, அளந்து காட்டச் சொன்னேன். பேக் கம்ப்ரஷன் என்றால், சிலிண்டரில் எரியும் வாயு பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம்) தாண்டி ஆயில் பக்கம் கசிவது. கடைசியில் என் வண்டிக்குத் தேவைப்பட்டது பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) சுத்தமும் இன்ஜெக்டர் வேலையும்தான். அப்போது கற்றுக்கொண்ட வரிசை இது. ஆயில், ஃபில்டர் மாற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: புகையின் நிறம்

கறுப்புப் புகை என்றால் உள்ளே போகும் டீசலுக்குக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ குழாயில் கிழிசல், கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் எதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் சகஜம். ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலையும் பிரீதரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்து, இன்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் க்ளோ பிளக்கை (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய சிலிண்டரைச் சூடாக்குவது) சோதியுங்கள். நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) சந்தேகம் நியாயமானது.

ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். ஆயில் அளவு தானாகக் கூடினால்தான் கவலை. டீசலோ கூலன்ட்டோ அதில் கலக்கிறது என்று அர்த்தம்.

படி 2: ஆயில் மூடி

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை வரும். நல்ல டீசல் இன்ஜினிலும் வரும். வேகமாக அடித்தால்கூட பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அது அடைத்திருந்தால் ரிங் நன்றாக இருந்தாலும் அழுத்தம் உள்ளேயே தேங்கும்.

படி 3: கம்ப்ரஷன் டெஸ்ட்

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று அளப்பதுதான் இது. எனக்கு அதிகம் குழப்பம் தந்த இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இதற்கு உதவாது, பெரும்பாலும் 300 பிஎஸ்ஐயோடு (அழுத்த அலகு) முடிந்துவிடும். டீசலுக்கென்றே உள்ள, க்ளோ பிளக் துளையில் மரையோடு முறுக்கும் அடாப்டர் வேண்டும். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை வகையை நான் நம்பவே மாட்டேன்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா க்ளோ பிளக்கையும் கழற்றுங்கள். இறுகியதை வலிந்து முறுக்கினால் ஹெட்டிலேயே முறிந்துவிடும், பொறுமையாகச் செய்யுங்கள். இன்ஜெக்டர் இணைப்பைத் துண்டித்து, அடாப்டரை மாட்டி, செல்ஃபால் இன்ஜினைச் சுற்றுங்கள்.

பல கார் டீசல் இன்ஜின்களில் 350 முதல் 450 பிஎஸ்ஐ வரை வரும். உங்கள் இன்ஜினுக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே அளவில் குறைவாகக் காட்டினால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் மோசமான எண்ணைத்தான் தரும். முழு சார்ஜ் ஏறிய பேட்டரியோடு மறுபடி அளந்த பிறகே அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 10–15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அடுத்த படி.

பெட்ரோல் இன்ஜினில் செய்வதுபோல சிலிண்டருக்குள் ஆயில் விட்டு அளக்காதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் மிகச் சிறியது. ஆயில் அதை அடைத்துப் பொய்யான எண் காட்டும், அதிகமானால் கனெக்டிங் ராடே வளையும்.

படி 4: எங்கே கசிகிறது?

அந்த சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்முனையில் நிறுத்தி, இன்ஜின் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, க்ளோ பிளக் துளை வழியாக கம்ப்ரசர் காற்றை விடுங்கள். சைலன்சரில் இரைச்சல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு. ஆயில் மூடி வழியாகப் பலமாக வந்தால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்மானம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல்.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டியானால் ஓடும்போது டீசல் பைப்பைத் தளர்த்தவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு (இதுவும் அழுத்த அலகுதான்) மேல்கூட ஏறும். கையில் பட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

படி 5: முடிவு

கசிவு வால்விலோ கேஸ்கெட்டிலோ மட்டும் என்றால் ஹெட் வேலை போதும். ஆனால் அதற்கு முன் தனி கேஜ் மாட்டி, சூடான ஐடிலிங்கில் ஆயில் பிரஷரை அளந்துவிடுங்கள். மேனுவல் அளவைவிட நன்றாகக் குறைந்தால் பம்பு, பேரிங் இரண்டையும் பார்க்காமல் ஹெட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். ரிங், பேரிங் இரண்டுமே போயிருந்தால் முழு இன்ஜின் வேலை அல்லது மாற்று இன்ஜின். பாடியில் துரு, கியர்பாக்ஸ், உதிரிபாகம் கிடைப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

"திறந்தாத்தான் தெரியும்" என்பதும் உண்மைதான். அதனால் ஹெட்டை மட்டும் முதலில் திறக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (தயாரிப்பில் போட்ட குறுக்குக் கோடுகள், தேய்ந்தால் மறையும்) தெரிகின்றனவா, மேல்விளிம்பில் தேய்ந்த படிக்கட்டு விரலில் தட்டுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே மேற்கொண்டு வேலையைத் தொடரச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் ரேடியேட்டரில் குமிழியே இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். இஜிஆர் கூலர் (திரும்ப விடும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) உள்ளே ஓட்டை விழுந்தாலும் இப்படித்தான் ஆகும். அதைத் தனியாகக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, காற்று விட்டுத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் கூலரை மாற்றுங்கள், ஹெட்டைத் தொடாதீர்கள்.