நாய்க்கு முடியலனா நாம பண்ற தப்புங்க

"நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு, திடீர்னு இப்படி ஆயிடுச்சு". நாய் வளக்கிற நிறைய பேர் இத சொல்லி கேட்டிருக்கேன், நானும் சொல்லியிருக்கேன். ஆனா உண்மையில திடீர்னு ஆகுறது ரொம்ப கம்மி. முடிஞ்ச வரைக்கும் நாய் தன் வலிய வெளிய காட்டிக்காது, முடியாத நாளுலயும் நம்மள பாத்தா வால ஆட்டும், பிடிச்சத நீட்டுனா வாங்கிக்கும், அதனால நம்ம கண்ணுக்கு தெரியுற அன்னைக்கு நோய் பாதி தூரம் போயிருக்கும்.

எங்க வீட்டு செல்லி நாட்டு நாய், அப்போ அவளுக்கு மூணு வயசு. ஒரு மே மாசம், சோறு வச்சா மோந்து பாத்துட்டு போயிட்டா, ஆனா முட்டை குடுத்தா சாப்பிட்டா. சாயங்காலம் பைக் சத்தம் கேட்டாலே கேட்டுக்கு ஓடி வர்றவ, படுத்த இடத்துலேர்ந்தே வால ஆட்டுனா. அக்னி நட்சத்திரம் வேற, வெயிலுக்கு சோர்வா இருக்கானு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நாலாவது நாள் காலையில தரையில ரத்தச் சொட்டு, பாத்தா மூக்குலேர்ந்து வருது. தூக்கிட்டு ஓடுனோம், டாக்டர் முதல்ல உதட்ட தூக்கி ஈறைத்தான் பாத்தார், வெள்ளைத்துணி மாதிரி இருந்துச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ணா பிளேட்லெட் 18 ஆயிரம், நல்லா இருக்கிற நாய்க்கு சுமாரா 2 லட்சத்துக்கு மேல இருக்கணும். உண்ணிக் காய்ச்சல். பிழைச்சுட்டா, ஆனா அந்த நாலு நாள நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு பதறும்.

அதுலேர்ந்து நான் கத்துக்கிட்டது, சாப்பிடுறத மட்டும் வச்சு நாய் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணக்கூடாது. வழக்கமா சாப்பிடுறத ஒதுக்கிட்டு முட்டையும் கறியும் மட்டும் சாப்பிடுதுன்னா அதுக்கு பசி இல்லனுதான் அர்த்தம். வழக்கமா பண்றத பண்ணலனா, அதாவது வாசல்ல வந்து நிக்கல, மாடிப்படி ஏறல, காக்காய துரத்தல, தனியா போய் கட்டிலுக்கு அடியில படுக்குது, இதெல்லாம் சாப்பாட்ட விட முன்னாடியே வர்ற அறிகுறி. இத டாக்டரால பாக்க முடியாது, கூட இருக்கிற நமக்குத்தான் தெரியும்.

அடுத்தது மூக்க தொட்டு பாத்து ஜுரம் சொல்றது. மூக்கு ஈரமா இருந்தா நல்லா இருக்கு, காஞ்சிருந்தா காய்ச்சல்னு சொல்லுவாங்க, தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காஞ்சுதான் இருக்கும், நல்ல காய்ச்சல் அடிக்கிற நாய்க்கும் ஈரமா இருக்கலாம். காதை தொட்டா சுடுதுங்கிறதும் அப்படித்தான். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி நாய்க்குன்னு தனியா வச்சுக்கோங்க, நுனியில வாசலின் தடவி ஆசனவாயில வச்சு பாக்கணும், 101லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நாய்க்கு நார்மல். நம்ம 98.6 கணக்க வச்சுக்கிட்டு 102 வந்தா பயந்து மாத்திரை போடுறாங்க, அது வேண்டாம். 103.5 தாண்டுனா டாக்டர்கிட்ட போகணும். அதே மாதிரி நல்லா இருக்கிற நாள்லயே ஈறு என்ன கலர்னு பாத்து வைங்க. ரோஸா இருக்கணும், விரலால அமுக்கி விட்டா வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். வெளுத்திருந்தா ரத்தம் இல்ல, மஞ்சளா இருந்தா பெரும்பாலும் கல்லீரல் இல்லனா ரத்தம் உடையுது, நீலம் ஓடுச்சுனா மூச்சு பத்தலனு அர்த்தம், அப்ப ஒரு நிமிஷம் கூட வீட்ல இருக்கக்கூடாது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறத எண்ணுங்க, நிமிஷத்துக்கு 30 தடவைக்குள்ள இருக்கணும், தினமும் அதுக்கு மேல போச்சுனா இதயத்தையும் நுரையீரலையும் பாக்க சொல்லுங்க.

மெடிக்கல்ல போய் மாத்திரை வாங்கி குடுக்கிறது, இதுல நான் கொஞ்சம் கோவமாவே சொல்றேன். குழந்தைக்கு குடுக்கிறோமே நாய்க்கு அரை மாத்திரை பாராசிட்டமால் குடுத்தா என்னனு கேக்குறாங்க. கல்லீரல் போகும், ரத்தமும் கெடும். பூனைக்கு அதுல ஒரு துண்டே உயிர் போக போதும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் அத விட மோசம், வயித்துல புண்ணு வந்து கருப்பா ரத்தமா போகும், கிட்னி நின்னுடும். நொண்டுற நாய்க்கு நம்ம முட்டி வலி மாத்திரைய குடுத்துட்டு, நொண்டல் நின்னுச்சு ஆனா நாய் வாந்தி எடுக்குதுன்னு ஓடி வர்றவங்கள கிளினிக் வாசல்ல நானே பாத்திருக்கேன்.

உண்ணி விஷயத்துக்கு திரும்ப வர்றேன், நம்ம ஊர் வெயிலுக்கு இது வருஷம் பூரா இருக்கு. ஒரு உண்ணிதானேனு பிடுங்கி போட்டுட்டு மறந்துடுறோம், ஆனா நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான், மிச்சம் செவுத்து விரிசல்லயும் நாய் படுக்கிற மூலையிலயும் இருக்கு, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது, படுக்கைய வெந்நீர்ல துவைச்சு, இடுக்கெல்லாம் மருந்து அடிக்கணும், அந்த நேரம் நாய வேற இடத்துல வச்சுட்டு நல்லா காஞ்சப்புறம் உள்ள விடுங்க. காது உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்து பட்டைக்கு கீழ, வாலுக்கு அடி, இங்கதான் ஒளிஞ்சிருக்கும். எடுக்கும்போது இடுக்கியால தோலை ஒட்டி பிடிச்சு நேரா இழுங்க, நகத்துல நசுக்காதீங்க. மண்ணெண்ணெய் தடவுறது, ஃபினாயில் போட்டு குளிப்பாட்டுறது, சொறிக்கு பழைய என்ஜின் ஆயில் பூசுறது எல்லாம் தோலை வேக வைக்கும், நாய் நக்கி உள்ள போனா விஷம். இப்ப மாசத்துக்கு ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்திரை வருது, எடைக்கு தகுந்த மாதிரி டாக்டர்கிட்ட கேட்டு குடுங்க.

உண்ணிக் காய்ச்சல் வந்தப்புறம் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. எர்லிக்கியாங்கிற கிருமினா டாக்ஸிசைக்கிளின் 28 நாள் எழுதி குடுப்பாங்க, ரெண்டு மூணு நாள்லயே நாய் எழுந்து ஓட ஆரம்பிச்சதும் மாத்திரைய நிறுத்திடுறோம். கிருமி உள்ளயே பதுங்கி மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல கழிச்சு எலும்பு மஜ்ஜைய தாக்கும், அப்ப காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். மூத்திரம் காபி டிகாக்ஷன் கலர்ல போனா அது உண்ணியால வர்ற இன்னொரு நோய், பெபீசியாவா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற, அதனால போன தடவை குடுத்த சீட்ட வச்சு நாமளே மருந்து வாங்கக் கூடாது.

குட்டிக்கு வாந்தி பேதின்னா உடனே பூச்சி மருந்து ஊத்துறாங்க. நாலு மாசக் குட்டி சாப்பிடாம, வாந்தி எடுத்து, நாத்தத்தோட ரத்தமா போகுதுன்னா முதல்ல பார்வோங்கிற வைரஸ் நோயா இருக்குமோனுதான் நினைக்கணும், சில மணி நேரத்துல தண்ணி வத்திடும், ட்ரிப்ஸ் தேவைப்படும். 30 நாள் குட்டிய தாய்கிட்டேர்ந்து பிரிச்சு விக்கிறதும் அத நாம வாங்குறதும் இதுக்கு ஒரு காரணம், ரெண்டு மாசமாவது தாய்கிட்ட இருக்கட்டும். தடுப்பூசி 6லேர்ந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைனு 16 வாரம் வரைக்கும் போகணும், ஒரு ஊசி போட்டாச்சேனு தெருவுல விடக்கூடாது. பார்வோல குட்டி போன வீட்ல அந்த வைரஸ் மாசக்கணக்குல இருக்கும், சும்மா தண்ணி விட்டு கழுவுனா போகாது, ப்ளீச் போட்டு கழுவணும். வருத்தத்துல உடனே இன்னொரு குட்டி வாங்கிட்டு வந்து அதையும் பறி குடுத்தவங்கள எனக்கு தெரியும்.

கருத்தடை பண்ணாத பெண் நாய் வச்சிருக்கவங்க இத கவனமா படிங்க. ஹீட், அதாவது இணை சேர்ற பருவம், முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல நாய் குடம் குடமா தண்ணி குடிச்சு, அடிக்கடி மூத்திரம் போய், சோர்ந்து படுத்தா, கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கலாம். வெயிலுக்கு தண்ணி குடிக்குதுன்னு விட்டுடுறோம். சீழ் வெளிய வந்தாலாவது பயந்து போவோம், உள்ளயே அடைச்சுக்கிட்டா வயிறு உப்பும், கர்ப்பம்னு சந்தோஷப்பட்டவங்க கூட உண்டு. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும், அதுவும் சீக்கிரம். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல ஒரு நாள்ல தண்ணி குடிச்சா, ஆணோ பெண்ணோ, ஏதோ இருக்கு.

ஆண் நாய் ரொம்ப நேரம் முக்கிட்டு நிக்குதுன்னா மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் குடுக்காதீங்க, மூத்திரம் வருதான்னு பாருங்க. கல் அடைச்சிருந்தா ஒரு நாள் தாமதமே உயிருக்கு ஆபத்து. பெரிய சைஸ் நாய் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க பாத்து ஒண்ணும் வரலனாலும் அப்படித்தான், உள்ள இரைப்பையே முறுக்கிக்கும், ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பணும். சென்னையில வேப்பேரி, இல்லனா நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, இங்கெல்லாம் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, எது கிட்டனு, ராத்திரி யார் பாப்பாங்கனு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

சாப்பாட்டுல, சாம்பார் சோறுல இருக்கிற சின்ன வெங்காயமும் பிரியாணி வெங்காயமும் நாயோட ரத்த அணுவ உடைக்கும், பாயசத்துல போடுற உலர் திராட்சை கிட்னிக்கு ஆகாது, வேக வச்ச கோழி எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு குடல்ல குத்தும். எலி மருந்து தின்னுடுச்சுனா எண்ணெயோ உப்புத் தண்ணியோ வாயில ஊத்தாதீங்க, அது நுரையீரல்ல போய் தனி பிரச்சனையாகும். பாக்கெட்ட கையில எடுத்துட்டு ஓடுங்க, சில எலி மருந்துக்கு ரத்தக்கசிவு மூணு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும், அன்னைக்கு நல்லா இருக்கேனு இருந்துடாதீங்க.

வெயில்ல மயங்குன நாய்க்கு ஐஸ் கட்டி வைக்காம சாதா குழாய்த் தண்ணிய உடம்பு பூரா ஊத்தி ஃபேன் போட்டுட்டு கூட்டிட்டு போங்க. பக், ஷிட்சு மாதிரி சப்ப மூக்கு நாய்ங்கள ஏப்ரல், மே மாசம் பகல்ல வாக்கிங் கூட்டிட்டு போகவே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. நாய் தொண்டையில ஏதோ மாட்டுன மாதிரி இருமுனா எலும்புதான்னு வாய்க்குள்ள கை விடுறோம். பல தடவை அது கென்னல் காஃப்ங்கிற தொத்து இருமலா இருக்கும், வயசான நாய்க்கு இதயக் கோளாறா இருக்கும். ஆனா தாடை தொங்கி, எச்சி வடிஞ்சு, முழுங்க முடியாம, குரல் மாறி, ரெண்டு நாளா ஆளே மாறிப் போன நாய்னா அது ரேபிஸா இருக்கலாம், முக்கியமா ஊசி போடாத நாயும் தெருவுலேர்ந்து எடுத்த குட்டியும். கை விடாதீங்க, தனியா ஒரு ரூம்ல விட்டு பூட்டிட்டு டாக்டருக்கு போன் பண்ணுங்க. எச்சி ஏற்கனவே காயத்துல பட்டிருந்தா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி போங்க, அங்க ஊசி இலவசம். நாய்க்குட்டிதான, பல்லு லேசாத்தான் பட்டுச்சுன்னு வீட்ல பெரியவங்க சொன்னாலும் போங்க.