படகுக்குள் ஏறி வாசிப்பது எப்படி?

வேதாகமத்தைத் திறந்ததுமே "இதில் என்ன பாடம்?" என்று தேடிப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வியை இருபது நிமிடம் ஒதுக்கி வையுங்கள். காட்சிக்குள் நாமே நுழைந்து, மனசுக்குள் என்ன அசைகிறது என்று கவனிக்கும் வாசிப்பு இது.

இதற்கு ஒழுங்கு அமைத்துத் தந்தவர்களில் முக்கியமானவர், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். 1521-ல் போரில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தன் பகற்கனவுகளையே கவனித்தார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனித்தன, முடிந்ததும் மனசு வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதாகக் கண்ட கனவு கலைந்த பிறகும் சந்தோஷம் நின்றது. இந்தப் பின்ருசிதான் நமக்கு முக்கியம்.

முதல் படி: சம்பவம் உள்ள சின்னப் பகுதியாக எடுங்கள். பவுலின் நிருபங்கள் இப்போதைக்கு வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 4:35–41 எடுப்போம். புயலில் படகு, தூங்கும் இயேசுவைச் சீஷர்கள் பயந்து எழுப்புகிறார்கள், அவர் புயலை அடக்குகிறார். ஏழே வசனம்.

இரண்டாவது: இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாவது முறை வாய்விட்டு, மெதுவாக. சின்ன விவரங்களில் கண் நிற்கட்டும். இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று சொல்வது மாற்கு மட்டும்தான். கூடவே வேறு படகுகளும் போயின என்கிறார். அவை என்ன ஆயின? அவர் சொல்லவில்லை.

மூன்றாவது: கண்ணை மூடி இடத்தைக் கட்டுங்கள். 1986-ல் கலிலேயா ஏரிக்கரைச் சேற்றில் அந்தக் காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. எட்டு மீட்டர் சொச்சம் நீளம், இரண்டேகால் மீட்டர் அகலம், அவ்வளவுதான். அதில் ஒரு டஜன் பேர் நனைந்து நெருக்கியடித்து நிற்கிறார்கள். காலடியில் தண்ணீர் ஏறுகிறது. படம் தெரியவில்லையா? பரவாயில்லை, சிலருக்குச் சத்தம் மட்டும் கேட்கும், சிலருக்குக் குளிர் மட்டும்.

நான்காவது படிதான் உயிர்நாடி: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? நல்ல இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், தானாக வரட்டும். ஆரம்பத்தில் நான் விசுவாசமுள்ள சீஷனாக நின்று எனக்கே பிரசங்கம் செய்துகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் தண்ணீரை இறைத்துக்கொண்டே, தூங்குகிறவர் மேல் கடுப்பாக இருந்தேன். "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற வரி அன்றுதான் என் வாயிலிருந்து வந்தது. வெளியே யாரிடமும் காட்டாத கோபம், படகில் வைத்துத்தான் பிடிபட்டது.

ஐந்தாவது: இயேசுவிடம் பேசுங்கள், நண்பனிடம் பேசுவதுபோல. ஜெப பாஷை வேண்டாம்.

அப்புறம் நோட்டில் இரண்டு வரி. பார்த்ததை அல்ல, எழுந்தபோது மனசு எப்படி இருந்தது என்பதை எழுதுங்கள். லேசாகவா, இறுக்கமாகவா?

ஒரு எச்சரிக்கை: கற்பனையில் வந்ததெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. வசனத்தோடு முட்டினால் வசனமே பெரிது.

நாளைக்குப் புதுப் பகுதிக்குத் தாவ வேண்டாம். இதே ஏழு வசனம்தான், இன்று மனசு எங்கே சிக்கியதோ அங்கிருந்து.