சென்னை டு லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

லண்டன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா கேட்டார்: "காலைல 5.30க்கு ஏறினா 11 மணிக்கு இறங்கிடலாமா, அஞ்சரை மணி நேரம்தானா?" இல்லை, கிட்டத்தட்ட 11 மணி நேரம். ஏன் என்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்குதான் இது, செல்போன் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலில் இரண்டு ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வந்துவிடும். மீனம்பாக்கம் 13.0, 80.2. லண்டன் விமான நிலையமான ஹீத்ரோ 51.5, மைனஸ் 0.5. தீர்க்கரேகை பூஜ்ஜியமாக இருக்கும் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அந்த மைனஸ், அதை விட்டுவிடாதீர்கள்: தீர்க்கரேகை வித்தியாசம் 80.7, 79.7 அல்ல.

அடுத்து கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன் (sin), காஸ் (cos) பொத்தான்கள் எல்லாம் வரும். இப்படிப் போடுங்கள்:

சைன் 13 × சைன் 51.5 = 0.1760
காஸ் 13 × காஸ் 51.5 × காஸ் 80.7 = 0.0980
கூட்டினால் 0.2740

இதற்கு இன்வர்ஸ் காஸ் (cos⁻¹) எடுத்தால் 74.1 டிகிரி. பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ., அதை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111.2. பெருக்கினால் 8,240 கி.மீ.

நான் முதல் தடவை போட்டபோது 108 கி.மீ. என்று வந்தது. லண்டன் என்ன, விழுப்புரம்கூடப் போய்ச் சேர முடியாது! கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்திருக்கிறது. டிகிரிக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, இந்த 8,240 என்பது உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம், விமானம் அந்த நூல் மேலேயே போவதில்லை. நூல் போகும் வழியில் உக்ரைன் வருகிறது, அந்த வான்வெளி 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது, அப்புறம் காற்று, மழைமேகம் என்று இன்னும் சில சுற்றுகள் உண்டு. அதனால் நான் 5 சதவீதம் கூட்டிக்கொள்வேன், 8,650 ஆகிறது.

வேகம் மணிக்கு 900 என்று வையுங்கள். ஆனால் மேலே பலமான காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. தோராயமாக 60 கழித்தால் 840, கூட்டினால் 960. வகுத்துப் பார்த்தால் போக 10 மணி 20 நிமிடம், வர 9 மணி. ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் சேர்த்தால் போக 11 மணி நேரம், வர 9.40. நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகப் போடும் என்பதால் வருவதை 10 என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி சித்தப்பாவின் குழப்பம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 5.30 + 11 மணி நேரம் = நம் கடிகாரத்தில் மாலை 4.30. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே காலை 11. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால் வித்தியாசம் நாலரைதான், அப்போது 12 மணி.

திரும்பும்போது தேதியே மாறும். குளிர்காலத்தில் லண்டனில் மதியம் 2 மணிக்கு ஏறினால் 10 மணி நேரம் கழித்து அங்கே நள்ளிரவு, இங்கே மறுநாள் விடிகாலை 5.30. டிக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் +1 என்று இருப்பது அதுதான், மீனம்பாக்கத்துக்குக் கார் எடுத்து வருபவரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.