ஆடு தொடாத வேலி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் நிலத்து ரோட்டோரத்தில் செம்பருத்தி வைத்தால் ஆடு மொட்டையடித்துவிடும். முள்கம்பிக்குச் செலவு கட்டாது. அப்புறம்தான் விராலிக்கு மாறினேன். மலையடிவாரக் கரட்டு மண்ணில் தானாக வளரும் செடி. இலை பிசுபிசுப்பு, கசப்பு. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

சிக்கல் முளைப்பில்தான். விதையின் மேலோடு கெட்டி, தண்ணீரை உள்ளே விடாது. சிறகு வைத்த காய்களைக் கசக்கிக் கருப்பு விதையை எடுத்து, கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, ஆறியபின் இரவு முழுக்க அப்படியே விட்டேன். உப்பிய விதைகளை மட்டும் மண் நிரப்பிய நாற்றுப் பாக்கெட்டில் ஊன்றினேன். நன்றாகவே முளைத்தன.

ஆவணி மழையில், ஓரடிக்கு ஒரு கன்றாக, இரண்டு வரிசை மாற்றி மாற்றி நட்டேன். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். வேலூர் வெயிலில் கன்று தாங்காது. முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளினால்தான் அடியிலிருந்தே கிளை அடைக்கும். இல்லாவிட்டால் மேலே குடை, கீழே ஆடு நுழைய வழி! கவாத்தை இளங்கிளையோடு நிறுத்துங்கள்; இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் துளிர்ப்பது சந்தேகம். தண்ணீர் தேங்கும் இடத்துக்கு விராலி சரிவராது.