துருப்பிடித்த பழைய ஆம்னியை வீட்டிலேயே கேம்பர் வேனாக்குவது எப்படி

கோலார் தங்கவயல் என்ற கே.ஜி.எஃப்.பில், சாம்பியன் ரீஃபில் என் சித்தப்பா வீட்டுப் புளியமரத்தடியில் ஆறு வருடம் நின்ற வண்டி இது. 1996 மாடல் மாருதி ஆம்னி, வெள்ளை. தங்கச் சுரங்கம் 2001இல் மூடிய பிறகு அவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டினார். முழங்கால் போனதும் வண்டியும் மரத்தடிக்குப் போய்விட்டது. “எடுத்துக்கிட்டுப் போடா, பாம்பு குடியேறுறதுக்குள்ள” என்றார். மினி லாரியில் ஏற்றி பெங்களூரு அல்சூருக்குக் கொண்டுவந்தேன்.

இன்று அதில் இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். இதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் முழுக்க வீண். அந்த ஐந்து மாதமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கவும் கிரைண்டர் ஓட்டவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதைச் சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது.

ஏன் ஆம்னி என்று கேட்பவர்களுக்கு: 1984இல் ‘மாருதி வேன்’ என்று வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை ஓடிய வண்டி. அதே 796 சி.சி. எஞ்சின். ஜே.சி. ரோட்டில் கேட்டால் கிடைக்காத உதிரிபாகம் அநேகமாக இல்லை. பழைய வோக்ஸ்வாகன் வேன் அழகுதான். ஆனால் அதன் கதவு ரப்பருக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டும்.

தொடங்கும் முன் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் கூரையை வெட்டி உயர்த்துவது, சீட்டு எண்ணிக்கையை மாற்றுவது, நிறம் மாற்றுவது எதையும் நான் தொடவில்லை. உள்ளே வைத்தது எல்லாமே நான்கு போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். வெள்ளை வண்டி வெள்ளையாகவே இருக்கிறது.

படி 1: குத்திப் பாருங்கள்

ஒரு பழைய திருப்புளி, ஒரு காந்தம். இரண்டும் போதும். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்கத் தேயுங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே தகட்டுக்குப் பதில் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, இருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியின் இடது பின்சக்கர வளைவில் காந்தம் பொத்தென்று கீழே விழுந்தது. தட்டியதில் விரல் கனத்துக்குப் பட்டி, அதற்குள் செய்தித்தாள். நிஜமாகவே செய்தித்தாள்.

அப்புறம் திருப்புளியால் தளம், கதவின் அடிவிளிம்பு, சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளம், சக்கர வளைவு, முன்கண்ணாடியைச் சுற்றிய விளிம்பு எல்லாவற்றையும் குத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், தயங்காதீர்கள். இப்போது குத்தாவிட்டால் பெயிண்ட் அடித்த பிறகு துரு தானே குத்திக்கொண்டு வெளியே வரும்.

படி 2: கழற்றுங்கள்

சீட்டு, தரைவிரிப்பு, கூரைத் துணி எல்லாம் வெளியே. கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள். இறுகிப்போன போல்ட்டுக்கு முதல் நாள் இரவே டபிள்யூ.டி-40 அடித்துவிட்டால் காலையில் பாதி சண்டை மிச்சம்.

படி 3: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நான் விட்ட படி இதுதான்.

முதல் முறை ஓட்டுநர் காலடித் தளம் சல்லடையாக இருந்தது. வெட்டி, புதுத் தகடு வைத்து, பிரைமர், பெயிண்ட், மேலே புது விரிப்பு. பார்க்க அவ்வளவு அழகு. அது ஆகஸ்ட். பெங்களூருவில் செப்டம்பர்தான் அதிகம் மழை கொட்டும் மாதம். மூன்றாவது மழை முடிந்து விரிப்பைத் தூக்கினால் உள்ளங்கை ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஜனவரியில் புதுத் தகட்டின் ஓரமெல்லாம் காவி. இங்கே கடல் காற்று இல்லை, உப்பு இல்லை. வண்டிக்குள் நுழைந்து வெளியே போக வழி தெரியாமல் நிற்கும் தண்ணீர்தான் பெங்களூரு வண்டிகளைத் தின்கிறது. நான் தகட்டை மாற்றினேன், தண்ணீரை விட்டுவிட்டேன்.

தண்ணீர் நுழையும் இடமும் தேங்கும் இடமும் ஒன்றல்ல. ஓட்டு வீட்டில் ஒழுகுவது போலத்தான்: ஓடு உடைந்தது ஒரு மூலை, சொட்டுவது வேறு மூலை. அதனால் இப்படிச் செய்யுங்கள்.

வண்டி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். உள்ளே தளம் முழுவதும் செய்தித்தாள் விரியுங்கள். தகடுகள் சேரும் கோடுகள், கண்ணாடி ரப்பரின் உள்விளிம்பு, தூண்களின் உட்பக்கம் எல்லாவற்றிலும் நீலச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். என் வீட்டில் அம்மா உட்கார்ந்தார். கண்ணும் கூர்மை, பொறுமையும் என்னைவிட அதிகம்.

வெளியே நிற்பவர் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடிப்பகுதிக்கு மட்டும் பத்து நிமிடம் தண்ணீர். உள்ளே ஒன்றும் இல்லையா? அடுத்தது கதவின் மேல்பாதி. அப்புறம் கண்ணாடியின் கீழ்விளிம்பு, மேல்விளிம்பு, கடைசியில் கூரை ஓரக் காடி. எடுத்த எடுப்பில் கூரையிலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எது குற்றவாளி என்று தெரியாது.

ஹோஸ் வேண்டாம், பூவாளி எடுங்கள். ஹோஸின் அழுத்தம் மழை நுழையாத இடத்திலும் தண்ணீரை நுழைத்துவிடும். போதாக்குறைக்கு 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. நான் மொட்டைமாடி டிரம்மில் பிடித்த மழைநீரை வைத்தே முடித்தேன்.

நான்காவது பூவாளியில் அம்மா, “டேய், கோடு அழியுது டா, இங்க மேல” என்று கத்தினார். முன்கண்ணாடியின் வலது மேல்மூலை. அங்கே நுழைந்த தண்ணீர் தூணுக்குள் இறங்கி, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடி, என் காலடிக்கு வந்திருக்கிறது. ரப்பரைக் கழற்றினால் கண்ணாடி விளிம்புத் தகடே பொரிந்து கிடந்தது. யாரோ முன்பு அதன் மேல் வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கியிருக்கிறார்கள். அந்த வகை சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வெறும் இரும்பின் மேல் அதைத் தடவுவது துருவுக்கு விருந்து வைப்பது மாதிரி. வண்டிக்கு பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் மட்டும்.

இரண்டாவது குற்றவாளி சறுக்குக் கதவு. கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. அது வெளியேற அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. என் வண்டியில் எல்லாம் அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் சாம்பல் நிற மாவு கொட்டியது. கே.ஜி.எஃப்.காரர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும், சயனைடு மேட்டு மண்: சயனைடால் தங்கம் பிரித்த பிறகு சுரங்கத்தார் குவித்துவைத்த கழிவு. காற்றடித்தால் ஊர் முழுக்கப் பறக்கும் மண், கதவுக்குள் கெட்டிப்பட்டு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

(பின்சேர்க்கை: முதலில் சாக்பீஸுக்குப் பதில் கலர்க் கோலப்பொடி என்று எழுதியிருந்தேன். சில கலர்ப்பொடிகள் உப்பில் சாயம் ஏற்றிச் செய்வது என்று ஒரு வாசகர் எழுதினார். சரிதான். துரு தேடப் போய் உப்பைத் தூவ வேண்டாம்.)

படி 4: வெட்டு, ஒட்டு

தண்ணீர் நுழையும் வழியை அடைத்த பிறகே கிரைண்டரைத் தொடுங்கள். எஸ்.பி. ரோட்டில் நல்ல 4 அங்குல கிரைண்டர் ஒன்று வாங்குங்கள். மலிவானது எனக்கு மூன்றாம் நாளே புகைந்தது. கம்பிப் பிரஷ் மேல்துருவுக்கு, ஃப்ளாப் டிஸ்க் மிச்சத்துக்கு. பிரஷின் கம்பிகள் ஊசி மாதிரித் தெறிக்கும், கண்ணாடி போதாது, முழுமுகக் கவசம் போடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாக வையுங்கள். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பழைய ஆம்னிகள் பலவற்றில் எல்.பி.ஜி. கிட் இருக்கும், அதை அந்த வேலை தெரிந்தவர் கழற்றட்டும். பக்கத்தில் தீயணைப்பான், ஒரு வாளி மணல்.

இரண்டு பக்கப் படிவிளிம்பையும் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பகுதி) ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஆம்னிக்குத் தனியாக சேஸிஸ் சட்டகம் கிடையாது, உடம்பேதான் சட்டகம். இரண்டு பக்கமும் வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவை மூடிப் பார்த்து, பிறகு மறுபக்கம்.

தகடு: 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத சாதாரண இரும்புத் தகடு), சுமார் 0.9 மி.மீ. கடைக்காரர் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைத் தள்ளுவார், துருப்பிடிக்காது என்பார். வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகும். சுவாசித்தால் இரவு குளிர்ஜுரம் வரும்.

என்னிடம் இருந்தது சாதாரண ஆர்க் மெஷின், 2.5 மி.மீ. ராடு. முதல் தீற்றிலேயே மிளகளவு ஓட்டை. அதை அடைக்கப் போய் எலுமிச்சை அளவாயிற்று. கடைசியில் சிவாஜிநகர் டிங்கர் பாயிடம் போனேன். எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் பாய்தான். மெல்லிய கம்பியைத் தானே ஊட்டும் மிக் வெல்டிங் மெஷினையும் 0.8 மி.மீ. கம்பியையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். “கோடு இழுக்காதே தம்பி. பொட்டு வை. மூணு எண்ணு, விடு. அடுத்த பொட்டு அந்தக் கடைசில” என்றார். அவ்வளவுதான் ரகசியம். ஒரே இடத்தில் தொடர்ந்தால் மெல்லிய தகடு சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, பொட்டுகளுக்கு நடுவே மறுபடி பொட்டு. ஓட்டைக்குப் பின்னால் செம்புத் தகடு பிடித்தால் வெல்டு அதில் ஒட்டாது, ஓட்டை மட்டும் நிரம்பும். பாட்டி காலத்து ஓட்டைச் செம்பு ஒன்றை அடித்துத் தட்டையாக்கினேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

படி 5: துருமாற்றி, பிரைமர், மெழுகு

வெட்ட முடியாத மூலைகளுக்குத்தான் துருமாற்றி. டானிக் அமிலம் கலந்தது துருவைக் கறுப்பாக்கிக் கெட்டிப்படுத்தும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டால் கறுக்குமே, அதே வேலைதான். ஆனால் ஓட்டையான தகட்டை அது தகடாக்காது. பாஸ்பரிக் அமில வகை என்றால் டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து உலர்த்துங்கள். அமிலம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கும் பிரைமர் தோலாக உரியும்.

பிறகு எபாக்சி பிரைமர், அதன் மேல்தான் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும், வெறும் தகட்டில் போட்டால் அடியிலிருந்தே துரு கிளம்பும். இணைப்புகளில் பி.யு. சீலன்ட். படிவிளிம்புக்குள், கதவுக்குள் மெழுகு ஸ்பிரே. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பரை ஊதவைத்து, மிச்சம் தெருச் சாக்கடைக்குப் போகும். அடியில் தார் பூசுவதும் எனக்குப் பிடிக்காது. உள்ளே துரு நடப்பதை வெளியே தெரியாமல் மூடிவைக்கும்.

படி 6: படுக்கை

இது எளிது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட், பழைய சீட்டு போல்ட் துளைகளிலேயே பிடித்தது. வெயில் சூட்டைத் தடுக்கச் சுவருக்கு எக்ஸ்.எல்.பி.ஈ. என்ற பிளாஸ்டிக் நுரைத்தாள், கண்ணாடி இழைப் பஞ்சு வேண்டாம், ஈரத்தை வைத்துக்கொள்ளும். ஆம்னியின் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அந்த மூடி மேல் மெத்தை வராதபடி அளவெடுங்கள். அடுப்பு எப்போதும் வெளியே. மூடிய வண்டிக்குள் எரியும் அடுப்பின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

(அக்டோபர்ப் பின்சேர்க்கை: இந்த வருட மழை முழுக்க உள்ளே செய்தித்தாள் விரித்தே வைத்திருந்தேன். இடது பின்மூலைத் தாள் மட்டும் இரண்டு முறை நனைந்தது. சாக்பீஸ் கோடு டெயில் லாம்ப் பக்கம் அழிந்திருக்கிறது, கேஸ்கெட்தான் என்று நினைக்கிறேன். ஜே.சி. ரோட்டில் வலதுபக்கத்துக்குத்தான் கிடைத்தது. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த மூலையில் மெத்தை போடவில்லை.)