பிக்கப்புக்கு பெரிய டயர் போடுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

காரைக்குடி பக்கம் கண்மாய்க் கரை, செம்மண் ரோடுன்னு ஓட்டுறவங்க நெறைய பேரு இப்ப பிக்கப்புக்கு பெரிய டயர் கேக்குறாங்க. 245/70 ஆர்16 (அகலம் 245 மி.மீ., பக்கச் சுவர் ஒசரம் அந்த அகலத்துல 70%, ரிம் 16 இஞ்ச்) டயர் இருந்த எடத்துல 265/70 ஆர்16 போட்டா விட்டம் ஏறக்குறைய 28 மி.மீ. கூடும், ஆனா வண்டி ஒசர்றது அதுல பாதி 14 மி.மீ. தான், அதுக்காடா இவ்வளவு செலவுன்னு வீட்ல கேப்பாங்க, கேக்கட்டும். மீட்டர் 80 காட்டுனா நெஜத்துல 83 போவீங்க, இது ஞாபகம் இருக்கணும்.

மெயினான விஷயம் டயர் வண்டியில ஒரசுறது. டயர் ஓரத்துல ஈரச் சுண்ணாம்ப தடவிட்டு (நம்ம ஊர்ல சுண்ணாம்புக்கா பஞ்சம்) ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு முன்னாடியும் ரிவர்ஸ்லயும் மெதுவா ஓட்டுங்க, அப்புறம் ஒரு முன்சக்கரத்த மட்டும் மேட்டுல ஏத்தி திரும்ப ஒடிங்க, எங்க வெள்ளை ஒட்டுதோ அங்கதான் இடிக்குது. அனேகமா மட்ஃப்ளாப், பம்பரோட பின்முனை, உள்ள இருக்குற பிளாஸ்டிக் லைனர் இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும்.

முன்னாடி லெவலிங் ஸ்பேசர் (வண்டி முன்பக்கத்த ஒசத்துற துண்டு) போட்டாச்சு இனி ஒரசாதுன்னு நம்பாதீங்க, பள்ளத்துல சஸ்பென்ஷன் முழுசா அமுங்குறப்ப டயர் மேல வரத்தான் செய்யும். ஸ்பேசர் போட்டா வீல் அலைன்மென்ட் கட்டாயம் பாக்கணும். ஆஃப்செட் (வீல் ஹப்புல ஒக்கார்ற முகம் வீலோட நடுவுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்குற அளவு) கம்மியான வீல் போட்டா டயர் வெளிய தள்ளி நின்னு இன்னும் மோசமா இடிக்கும்.

ஸ்டெப்னியும் அதே சைஸ்ல அடியில மாட்ட முடியுதான்னு கடையிலயே மாட்டிப் பாத்துருங்க.