பழைய ஏசியைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? வேலூர் வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கிய பிறகு ஏசி நின்றுபோனால் நிதானமாக முடிவெடுப்பது மிகவும் கடினம். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாளில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் முதியவர்களும் குழந்தைகளும் உறக்கமின்றித் தவிக்கும்போது, யார் என்ன விலை சொன்னாலும் ஒப்புக்கொள்ளவே தோன்றும். ஆகவே எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய ஏசியை வைத்திருப்போர் கீழ்க்கண்டவற்றைத் தை, மாசி மாதங்களிலேயே செய்து முடிப்பது நல்லது.

முதல் படி: பழுது எதில் என்று உறுதி செய்தல்

உள்பகுதியின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துங்கள். வெளிப்பகுதியின் காயிலில் (வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ச் சுருள்) படிந்த தூசியை மெக்கானிக்கைக் கொண்டு நீரால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு மிகக் குறைந்த வெப்பநிலையில் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏசி உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருந்தால் குளிரூட்டும் பகுதி பெரும்பாலும் நலமாகவே உள்ளது. அறை குளிராததற்குக் காரணம் வெயிலில் காயும் கூரையாகவோ, அறைக்குப் போதாத டன் அளவாகவோ (ஏசியின் குளிரூட்டும் கொள்ளளவு) இருக்கலாம். அப்போது ஏசியைப் பழுது பார்ப்பதில் பயனில்லை.

வெளிப்பகுதியின் மின்விசிறி சுற்றியும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் இயங்கவில்லை என்றால், முதலில் அது இயங்கத் தொடங்க உதவும் சிறு மின்பாகமான கெபாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அந்தப் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: கேஸ் பற்றிய உண்மையை அறிதல்

ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது வழக்கமான பராமரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையால் வீணாகும் பணத்தைக் கண்டு வருந்தியே இதை அழுத்திச் சொல்கிறேன்: ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, சோப்பு நீரால் கசிவிடத்தைக் கண்டு அடைத்து, வேக்கம் பம்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றிய பிறகே கேஸை எடைபோட்டு நிரப்ப வேண்டும்.

கசிவு குழாய் இணைப்பில் இருந்தால் தயங்காமல் பழுது பாருங்கள். காயிலிலேயே பல இடங்களில் ஊசித்துளைகள் விழுந்திருந்தால் ஒன்றை அடைத்தாலும் இன்னொன்று திறக்கும். கழிவுநீரிலிருந்தும் தோல் பதனிடும் கழிவுகளிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரிக்கக்கூடியது. ஆதலால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கோ திறந்த சாக்கடைக்கோ அருகில் குடியிருப்போர் காயிலைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: லேபிளைப் படித்தல்

வெளிப்பகுதியின் லேபிளில் ஆர்-22 என்றிருந்தால், அது ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக விலக்கப்படும் கேஸ். அத்தகைய ஏசியில் கம்ப்ரஸரோ காயிலோ கெட்டால் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. அதில் புதிய ஏசிகளுக்கான ஆர்-32 கேஸை நிரப்பித் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் கேஸின் அழுத்தம் மிக அதிகம், அது தீப்பற்றக்கூடியதும்கூட.

மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டின் ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் அளவுகோல் உயர்த்தப்பட்டதால், அதற்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் பிந்தைய ஐந்து நட்சத்திரமும் சமமல்ல.

நான்காம் படி: கணக்கிடுதல்

உங்கள் பழைய ஏசியின் திறன் எண் (செலவிடும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதன் அளவு; நட்சத்திர லேபிளில் EER அல்லது ISEER என்றிருக்கும்) 3.1, ஆண்டுக்கு அது செலவிடும் மின்சாரம் 1,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதே குளிர்ச்சியைத் திறன் எண் 5.0 உள்ள புதிய ஏசி 620 யூனிட்டில் தரும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,040 ரூபாய் மிச்சம். புதியதன் விலை 42,000 ரூபாயானால், மின்சேமிப்பை மட்டும் கொண்டு அதை ஈட்ட ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும். எனவே நன்றாக ஓடும் ஏசியைச் சிக்கனத்துக்காக மட்டும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பழுதுச் செலவே 16,000 ரூபாய் என்றால், கூடுதலாகப் போடுவது 26,000 ரூபாய்தான். இரவும் பகலும் ஓடி ஆண்டுக்கு 2,000 யூனிட் இழுக்கும் வீட்டில் அது நான்கரை ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டண விகிதமும் உயர்வதால், உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைக் கொண்டே கணக்கிடுங்கள்.

ஐந்தாம் படி: மாற்றுவதென்று முடிவானால்

அறையை வெப்பமூட்டும் வசதி கொண்ட மாடலுக்கு வேலூரில் கூடுதல் பணம் தர அவசியமில்லை. பழைய ஏசி ஆர்-22 வகையானால் அதன் செம்புக் குழாயைப் புதியதற்குப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள்; உள்ளே தங்கியுள்ள பழைய எண்ணெய் புதிய கம்ப்ரஸருக்குப் பொருந்தாது. கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் சேகரிக்கச் சொல்லுங்கள். பொருத்தி முடித்ததும், வேக்கம் பம்ப் போட்டார்களா என்பதை அருகில் நின்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.